சகலனின் டொலரும் திரான்சி மாதாவும்

உலகத்தில் அண்ணன் தம்பி விட்டுக்கொடுப்பார்கள். மாமன் மச்சான் விட்டுக்கொடுப்பார்கள். சகலன்மார் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு ஆண்களையும் மாமியார் வீடு வாழ்நாள் முழுக்க ஒரே தராசில் வைத்து நிறுத்துக்கொண்டே இருக்கும். தட்டில் இருக்கிறவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரத்தைக் கூட்டிக்காட்டப் பார்ப்பார்கள். அதில் ஒருவர் அமெரிக்காவிலும் மற்றவர் ஐரோப்பாவிலும் இருந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு வேறு பொழுதுபோக்கே தேவையில்லை.

எங்கள் குடும்பத்தில் அமெரிக்கத் தட்டில் இருந்தவர் சிவநேசன் அண்ணை. என் மனைவி வதனியின் அக்கா ரஞ்சியைக் கட்டியவர். நியூ ஜெர்சியில் கணினி வேலை. ஐரோப்பியத் தட்டில் நான். பாரிஸில் ஒரு கணக்கு அலுவலகத்தில் மற்றவர்களுடைய சம்பளத்துண்டைத் தயாரிப்பது என் வேலை. (பிரெஞ்சுச் சம்பளத்துண்டு ஒருவனுடைய சாதகத்தைவிட நீளமானது. உச்சியில் ஒரு பெரிய தொகை இருக்கும். ஓய்வூதியம், மருத்துவம், வேலையில்லாக் காப்புறுதி என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர, அடியில் கைக்கு வருகிறது இளைத்துப்போய் நிற்கும்.)

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தங்கையும் தொலைபேசியில் பிள்ளைகளைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, தொலைபேசி எங்கள் கைக்கு வரும்.

“என்ன தம்பி, ஐரோப்பா எப்பிடிப் போகுது?” என்று அண்ணை தொடங்குவார், ஏதோ நான்தான் அதை நடத்துகிற மாதிரி.

அவர் சம்பளத்தை வருடக் கணக்கில் சொல்லுவார். வரி கழிக்காமல், டொலரில். ‘ஆயிரம்’ என்ற சொல்லை வாயில் எடுக்கவே மாட்டார். “இந்த முறை தொண்ணூறைத் தாண்டியிட்டுது” என்பார், காய்ச்சல் பார்த்துவிட்டுச் சொல்வதுபோல. எங்கள் பக்க வழக்கமோ மாதத்துக்கு, கழிவெல்லாம் போக, கைக்கு வருகிறதை யூரோவில் சொல்வது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யானைக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டி. ஆகவே நானும் அமெரிக்க முறைக்கு மாறினேன். கழிவுக்கு முந்திய தொகையை எடுத்தேன். வருடக் கடைசியில் தருகிற பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தைச் சேர்த்தேன். முதலாளி எனக்காக அரசாங்கத்துக்குக் கட்டுகிற பங்கையும் என் தலையில் ஏற்றி, மத்தியானச் சாப்பாட்டுக் கூப்பனைக்கூட விடாமல் கூட்டி, டொலராக்கிச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான அமைதியை நான் கேட்டதில்லை.

அதன் பிறகு போர் முற்றியது. அவர் பெற்றோல் விலையை எடுத்தார். நான் எனக்குக் காரே தேவையில்லை என்றேன், வாங்க வழியில்லை என்பதைச் சொல்லாமல். அவர் வரி குறைவென்றார். நான் இங்கே ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமில்லை, பிள்ளை பல்கலைக்கழகம் போகப் பயமில்லை, வருடத்தில் ஐந்து கிழமை சம்பளத்தோடு லீவு என்றேன். “லீவிலை இருந்து என்ன செய்யிறனீர்?” என்று கேட்டார். நான் அங்கத்தைய காலநிலையை விசாரித்தேன். (லீவில் வீட்டுக்கு வெள்ளையடித்தேன்.)

கடைசியில் அவர் தன்னுடைய பெரிய ஆயுதத்தை எடுத்தார். நாலு அறை வீடு, நிலவறை, இரண்டு கார் நிற்கிற கராஜ். நான் சொன்னேன்: “நாங்களும் திரான்சிப் பக்கம் வீடு பார்க்கிறம் அண்ணை.” அதில் பொய்யில்லை. பாரிஸுக்கு வெளியே இருக்கிற திரான்சியில் பஸ்ஸில் போகும்போது யன்னலால் எத்தனையோ வீடு பார்த்திருக்கிறேன். சில மாதம் கழித்து அவர், “திரான்சி வீட்டு அலுவல் முடிஞ்சுதோ?” என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பல்வலி. பேச்சை வளர்க்க விரும்பாமல், “ஓம்” என்றேன்.

அந்த ஓம் 2011 கோடையில் விமான ரிக்கெற் எடுத்துக்கொண்டு புறப்பட்டது.

அக்கா குடும்பம் வருகிறது என்று கேட்ட வதனிக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. ரஞ்சி அக்கா கலியாணம் முடித்துப் போன நாளிலிருந்து பதினெட்டு வருடமாக அக்காவும் தங்கையும் நேரில் பார்க்கவில்லை. குசினியில் பாட்டுக் கேட்டது. மறுநாள் அந்தப் பாட்டு திடீரென்று நின்றது.

“இஞ்சேருங்கோ, அக்கா திரான்சி வீட்டைப் பார்க்க ஆசையா இருக்கு எண்டு சொல்லுறா. எந்தத் திரான்சி வீடு?”

எங்கள் உண்மையான வீடு பாரிஸில் ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவுக்குப் பின்னால், ஐந்தாம் மாடியில். லிஃப்ற் இல்லை. கீழே தோசைக்கடை. இரண்டு அறை. ஒன்றில் படுப்போம், மற்றதில் மிச்சம் எல்லாவற்றையும் செய்வோம். லா ஷப்பலில் மெத்ரோ ரயில் பாலத்துக்கு மேலே போகும்போது எங்கள் குசினியில் கரண்டிகள் தாளம் போடும். சமாதானமான காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த வீடு. போர்க்காலத்தில் அதை வெளியே காட்டமுடியாது.

“இண்டைக்கே உண்மையைச் சொல்லுங்கோ” என்றாள் வதனி. நான் தொலைபேசியை எடுத்தேன். “தம்பி, உம்மடை வீட்டிலை எத்தினை பாத்ரூம்?” என்றார் சகலன். “ரெண்டு” என்றேன். அத்தோடு என் வீரம் முடிந்தது.

என்னைக் காப்பாற்றியவன் அன்ரன். மன்னார்க்காரன், என் நண்பன். இருபது வருடம் ரெஸ்ரோறண்ட் குசினிகளில் நின்று, திரான்சியில் உண்மையாகவே தோட்டத்தோடு வீடு வாங்கியவன். ஒவ்வோர் ஆவணியிலும் குடும்பத்தோடு லூர்து மாதா திருநாளுக்குப் போய்விடுவான். நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடிந்ததும் வீட்டுத் திறப்பைத் தந்தான்.

“வெண்டிக்கண்டுக்குத் தண்ணி ஊத்து. தோட்டத்திலை மாதா நிக்கிறா, அவவுக்குப் பின்னேரத்திலை விளக்குக் கொளுத்து. அவவை மட்டும் அசைக்கிற எண்ணம் வேண்டாம். சீமெந்து போட்டு வைச்சனான்.”

வதனி கடைசிவரை எதிர்த்தாள். ஆனால் அக்கா கால் நீட்டிப் படுக்க ஓர் அறை இருக்கும் என்ற இடத்தில் மனம் இளகிவிட்டாள். “நான் ஒரு பொய்யும் சொல்லமாட்டன். ஆரும் கேட்டால் உங்களைக் கைகாட்டுவன்” என்றாள்.

அன்ரனின் பிள்ளைகளின் ஞானஸ்நானப் படங்களையும் இயேசுவின் திரு இருதயப் படத்தையும் கழற்றி அலுமாரிக்குள் பக்குவமாக வைத்தேன். திரு இருதயம் இருந்த ஆணியில் எங்கள் பிள்ளையாரை மாட்டினேன். அந்த ஆணிக்குக் கீழே சுவரோடு பொருத்திய ஒரு சிவப்பு பல்ப் இருந்தது. அதை அணைக்கும் சுவிச்சைக் கடைசிவரை கண்டுபிடிக்கமுடியவில்லை. பிள்ளையார் சிவப்பு வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு, இந்த ஏற்பாட்டில் தனக்குச் சம்மதமில்லை என்பதுபோல என்னைப் பார்த்தார்.

ரஞ்சி அக்கா, சகலன், அவர்களுடைய மகள் மூவரும் வந்து இறங்கினார்கள். சகோதரிகள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு நிற்க, சிவநேசன் அண்ணை படலையைத் திறந்தார். எதிரே நீலமும் வெள்ளையுமாக மாதா, என் இடுப்பு உயரத்துக்கு, கைகளை விரித்துக்கொண்டு.

“இது என்ன தம்பி?”

“முந்தின வீட்டுக்காரர் வைச்சது அண்ணை. சீமெந்து போட்டிருக்கு. உடைக்க மனமில்லை.”

அவர் நியூ ஜெர்சிக் கோயில் நிர்வாக சபையில் இருக்கிறவர். மாதாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்போது எங்கள் மகள் அபி, ஐந்து வயது, முன்னால் வந்து தெளிவான குரலில் பிரெஞ்சில் சொன்னாள்: “சே பா நொத்ர் மேசோன்.” இது எங்கள் வீடில்லை என்று அர்த்தம். வந்தவர்கள் மூவருக்கும் பிரெஞ்சு தெரியாது. (அபி அந்த உண்மையை அடுத்த மூன்று நாளும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.)

“பிள்ளை என்ன சொல்லுது?”

“வீடு வடிவா இருக்காம் எண்டு சொல்லுறாள்.”

வீட்டைச் சுற்றிக் காட்டினேன். இரண்டாவது பாத்ரூமை நானே அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். சகலன் சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் நான் எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டார்.

“வீட்டு வரி வருஷத்துக்கு எவ்வளவு?”

சொந்த வீட்டுக்காரன் கட்டுகிற வரி எனக்கு எப்படித் தெரியும். தலைக்குள் தேடினேன். எங்கள் ஐந்தாம் மாடியின் மின்சாரப் பட்டியலில் இருந்த தொகைதான் அகப்பட்டது. சொன்னேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

“மாசத்துக்கோ?”

“வருஷத்துக்கு.”

“நான் ஒரு மாசத்துக்கு அதைவிடக் கூடக் கட்டுறன் தம்பி” என்றார். அந்தக் குரலில் பொறாமை இல்லை, நோவுதான் இருந்தது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும். வெற்றிப் போதையில் கவனிக்கவில்லை.

மறுநாள் பின்னேரம் மாதாவுக்கு விளக்குக் கொளுத்தப் போனேன். முதல் நாள் யாரும் காணாமல் செய்துவிட்டேன். அன்றைக்கோ காற்று. நெருப்புக் குச்சிகள் அணைந்துகொண்டே போயின. முழங்காலில் நின்று, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் குவித்துச் சுடரை மூடினேன். விளக்குப் பிடித்தது. திரும்பினால் குசினி யன்னலில் ரஞ்சி அக்கா, வாயில் கையை வைத்தபடி.

அரை மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்திலிருந்து மாமியார் தொலைபேசி எடுத்தார். “தம்பி, நல்லூர் முருகனை விட்டிட்டியளோ?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். பிறகு அழுதார். அவரைத் தேற்றித் தொலைபேசியை வைத்தால் எதிரே சகலன், கையைக் கட்டிக்கொண்டு.

“ஒளிக்காமல் சொல்லும். நீங்கள் வேதத்துக்கு மாறிப்போட்டியளோ?”

என் முன்னால் இரண்டு வழி இருந்தது. வீடு என்னுடையதில்லை, அன்ரனுடைய மாதா, அன்ரனுடைய விளக்கு என்று சொல்லலாம். அல்லது மதம் மாறிவிட்டேன் என்று ஒப்புக்கொள்ளலாம். கொஞ்சமாவது மூளையுள்ளவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று உங்களுக்குத் தெரியும்.

“மனசுக்கு ஒரு ஆறுதலா இருந்தது அண்ணை” என்றேன்.

வதனி என்னைப் பார்த்த பார்வையில் அன்ரனின் வெண்டிக்கண்டு வாடியிருக்கும். “உங்கடை எடுப்புக்கு நானும் வேதக்காரியோ?” என்று குசினிக்குள் இழுத்துவைத்துக் கேட்டாள். வாடகை வீட்டுக்காரன் என்ற உண்மையைத் தவிர வேறு எந்தப் பழியையும் ஏற்கத் தயாராக இருந்த காலம் அது.

இதோடு சகலன் முறுக்கிக்கொண்டு ஒதுங்குவார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை அவர் மாதாவுக்கு முன்னால் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நான் இரவு முழுக்க யோசிச்சனான். மதம் உங்கடை விருப்பம். ஆனால் நீர் ஒரு கணக்குக் கிளாக். உமக்கே இப்பிடி வீடு, தோட்டம், ஐஞ்சு கிழமை லீவு. நான் இந்தப் பத்து நாளுக்குச் சம்பளமில்லாத லீவிலை வந்து நிக்கிறன். மகள் இன்னும் கொஞ்ச நாளிலை கொலிஜ். அந்தக் காசை நினைச்சால் நித்திரை இல்லை. வீட்டை விக்கப்போறன். இஞ்சை வந்திடுறம். பின்னேரம் ஏஜென்ருக்கு ரெலிபோன் எடுக்கிறன்.”

என் கையிலிருந்த தேநீர் காலில் கொட்டியது. சுட்டது தெரியவில்லை. வீம்புக்குச் சொன்ன ஒரு ஓம் ஒரு மனிசனை வீட்டை விற்கவும் வேலையை விடவும் வைக்கப் போகிறது. எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது.

அன்று முழுக்க நான் அமெரிக்காவுக்காக வாதாடினேன். இரண்டு வருடமாக அவர் சொன்னதையெல்லாம் நான் சொன்னேன், நான் சொன்னதையெல்லாம் அவர் சொன்னார்.

“அண்ணை, இஞ்சை கழிவு கூட.”

“கழிச்சாலும் ஆஸ்பத்திரிக்குப் பயமில்லை எண்டு நீர்தானே சொன்னனீர்.”

“பெற்றோல் உங்களிலை ரெண்டு மடங்கு.”

“கார் எதுக்கு?”

“நாலு அறை வீடு அங்கை, நிலவறை, கராஜ்...”

“கராஜிலை என்ன, நித்திரை கொள்ளவோ?” என்றவர் கொஞ்சம் பொறுத்து, “அந்தப் பக்கத்து வீட்டை விக்கிறாங்களோ எண்டு ஒருக்கால் கேட்டுப் பாரும்” என்றார்.

பின்னேரம் அவர் தொலைபேசியைக் கையில் எடுத்தார். வதனி குசினி வாசலில் நின்று, “இப்ப சொல்லுங்கோ” என்றாள். நான் வாயைத் திறந்தேன். வாசல் மணி அடித்தது.

வெளியே ஒரு கூட்டம் நின்றது. பதினைந்து பேராவது இருக்கும். எல்லோர் கையிலும் செபமாலை. முன்னால் நின்ற பெரிய உருவமான அம்மாவின் கையில் அவித்த கடலைப் பானை.

“நான் திரேசா அக்கா தம்பி. இண்டைக்கு இந்த வீட்டு முறை. தான் லூர்திலை நிண்டாலும் செபமாலை நிக்கக்கூடாது எண்டு அன்ரன் சொன்னவர். திறப்பு உம்மட்டை இருக்காம். உமக்குச் சொல்ல மறந்திட்டாராம்.”

சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்கள். நான் மூன்று நாளாகத் தேடியும் கிடைக்காத பாய்களை மாடிப்படிக்குக் கீழே இருந்து எடுத்து விரித்தார்கள். திரேசா அக்கா சுவரைப் பார்த்தார். சிவப்பு வெளிச்சத்தில் பிள்ளையார்.

“அவரும் இருக்கட்டும், வந்தவர்தானே” என்றுவிட்டு, நேரே அலுமாரியைத் திறந்து, திரு இருதயப் படத்தை எடுத்துப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

“அன்ரன் ஆர்?” என்றார் சகலன்.

“வீட்டுக்காரன்” என்றார் திரேசா அக்கா. “நீங்கள் தம்பியின்ரை சொந்தமோ? இருங்கோ, தொடங்கப்போறம்.”

விளக்கம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் போதும். கிடைக்கவில்லை. நானும் சகலனும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் சம்மணம் கட்டி இருந்தோம். செபமாலையில் பத்துச் செபம் முடிய ஒரு பாட்டு வரும். அந்தப் பாட்டின் சத்தத்தில்தான் பேசமுடியும். முதல் பத்து முடிந்தது.

“அப்ப உம்மடை வீடு எங்கை?” காதுக்குள் கேட்டார்.

“லா ஷப்பல். அஞ்சாம் மாடி. ரெண்டு அறை. வாடகை.”

இரண்டாம் பத்து முடிந்தது.

“அந்த வீட்டு வரி?”

“அது எங்கடை மின்சாரப் பட்டியல் அண்ணை.”

மூன்றாம் பத்து மிக நீளமாக இருந்தது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள், அவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீர் வேதத்துக்கு மாறினது?”

“மாறேல்லை.”

“அதுவும் பொய்யோ?”

“ஓம்.”

அவர் முகத்தைக் குனிந்துகொண்டார். தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கின. அமெரிக்காவில் இருந்து வந்த மனிதரை அழ வைத்துவிட்டேனே என்று நினைத்தேன். திரேசா அக்கா அதைப் பார்த்து, பக்தியில் உருகுகிறார் என்று நினைத்து, தன் கைலேஞ்சியை நீட்டினார். அவர் அதை வாங்கி வாய்க்குள் அடைத்தபோதுதான் கண்டேன், அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாலாம் பத்து முடிய அவர் முறை வந்தது.

“என்ரை நிலவறையிலை ரெண்டு பொடியள் வாடகைக்கு இருக்கிறாங்கள். அந்தக் காசிலைதான் வரி கட்டுறன்.”

“ரெண்டு கார்?”

“ரெண்டும் பாங்குக்காரன்ரை. வீடும் அவன்ரைதான். முன் கதவு மட்டும் என்ரை எண்டு சொல்லலாம்.”

ஐந்தாம் பத்தில் நானும் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். கைலேஞ்சி ஒன்றுதான் இருந்தது. மாறி மாறிப் பாவித்தோம்.

கடலை சாப்பிட்டுக் கூட்டம் போனதும், தொலைபேசியை அவர் பைக்குள் வைத்தார். ஏஜென்ருக்கு எடுக்கவில்லை. அன்ரனின் குசினி மேசையில் முதல்முறையாகச் சகலன்மார் இருவரும் உண்மையான கணக்குப் பார்த்தோம். பிரான்ஸ் சம்பளத்தைக் கைக்கு வருமுன்பே பாதி வழியில் மறித்து எடுத்துக்கொள்கிறது. அமெரிக்கா முழுக்கக் கையில் தந்துவிட்டு, வைத்தியச் செலவு, கொலிஜ், வீட்டு வரி, இரண்டு கார் என்று பின்கதவால் வந்து வாங்கிக்கொண்டு போகிறது. மாதக் கடைசியில் இரண்டு பேர் கையிலும் மிஞ்சுகிறது ஏறக்குறைய ஒன்றுதான். அவருக்கு இடம் கூட, எனக்கு லீவு கூட. “இதுக்கோ ரெண்டு வருஷம் சண்டை பிடிச்சனாங்கள்?” என்றார்.

ரஞ்சி அக்காதான் கோபப்பட்டார். ஆனால் கோபம் வீட்டைப் பற்றியது இல்லை. “உன்ரை வீட்டை வரத்தானே ஆசைப்பட்டனான் வதனி, இது ஆரின்ரையோ வீட்டிலை என்னைக் கொண்டந்து வைச்சிருக்கிறியள்” என்றார். எனக்குத் தலை தூக்க முடியவில்லை.

மறுநாள் எல்லோரும் ரயிலில் கார் து நோர் நிலையத்துக்கு வந்து, பெட்டிகளை ஐந்து மாடி ஏற்றினோம். மிச்சமிருந்த ஒரு கிழமை, ஆறு பேர், இரண்டு அறை. சகோதரிகளும் பிள்ளைகளும் ஓர் அறையில். நானும் சகலனும் குசினியில், மேசைக்குக் கீழே தலை, கதவுக்கு வெளியே கால். மெத்ரோ போகும்போது கரண்டி தாளம் போட, “இதுக்கு வரி இல்லையோ?” என்பார். கீழே இருந்து தோசை வந்துகொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வதனியும் அக்காவும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

(அவசரத்தில் வெண்டிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். ஒவ்வொரு பின்னேரமும் ரயிலேறிப் போய் மாதா விளக்கை மட்டும் தவறாமல் கொளுத்தினோம். சகலன் காற்றுக்கு மறைவாக நின்றார். அன்ரன் இன்றைக்கும் வெண்டியைச் சொல்லிக் காட்டுகிறான்.)

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் கழிவுக்கு முன், கழிவுக்குப் பின் என்று சொல்வதில்லை. பாரிஸிலோ நியூ ஜெர்சியிலோ யாழ்ப்பாணத்திலோ யாராவது ஒரு சம்பளத் தொகையைச் சொன்னால், எதிரே இருக்கிறவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “மாதாவுக்கு முன்னமோ, பின்னமோ?” முன்னம் என்றால் வீம்புக் கணக்கு, பின்னம் என்றால் உண்மைக் கணக்கு. மாமியாரே கேட்பார், ஒரு கையில் திருநீற்றுக் கிண்ணத்தோடு.

போன மாதம் அபிக்கு முதல் வேலை கிடைத்தது. எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்லுகிற பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் சம்பளத்தைச் சொன்னாள். கொஞ்சம் பெரிய தொகைதான். நியூ ஜெர்சியிலிருந்து சிவநேசன் அண்ணையின் குரல் வந்தது.

“மாதாவுக்கு முன்னமோ, பின்னமோ பிள்ளை?”

“பின்னம் பெரியப்பா” என்றாள் அபி, நல்ல தமிழில். “நான் அண்டைக்குத் திரான்சியிலையும் உண்மைதானே சொன்னனான்.”